போர்க்களத்தில் யாரைக் கொல்லக் கூடாது? இஸ்லாமியச் சட்டம் இட்ட வரம்புகளும் விட்ட வாசல்களும்

தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போது சட்டம் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குர்ஆனில் 'அவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்' என்று இருப்பதைக் கல்லூரி நண்பர் எடுத்துக் காட்டுகிறார். எங்கள் பள்ளிவாசல் ஜும்ஆ பயானிலோ (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு), பெண்களையும் குழந்தைகளையும் காய்க்கும் மரங்களையும்கூடத் தொடக் கூடாது என்று முதல் கலீஃபா அபூபக்கர் கட்டளையிட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டில் எது உண்மை? 2008இல் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சுட்டவர்களும் இதே மார்க்கத்தின் பெயரைத்தானே சொன்னார்கள்? மேலே இருப்பவன் கட்டளையிட்டால் கீழே இருப்பவன் என்னதான் செய்ய வேண்டும், பாய்?"

தம்பி, இரண்டும் உண்மை. நான் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கும் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்லன். இஸ்லாமியச் சட்ட வரலாற்றைப் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். "இஸ்லாம் அமைதி மார்க்கம்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் இல்லை. சட்டம் படிக்கும் ஒருவருக்கு அது பதிலும் ஆகாது.

முதலில் வசனங்கள். நண்பர் காட்டியது 2ஆம் அத்தியாயத்தின் 191ஆம் வசனமாக இருக்கும், அல்லது 9ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனமாக இருக்கும். 191க்கு முந்தைய வசனம், "உங்களோடு போர் புரிவோருடன் அல்லாஹ்வின் பாதையில் போர் புரியுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள், வரம்பு மீறுவோரை அல்லாஹ் நேசிப்பதில்லை" என்கிறது. 9:5க்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களுடன் அதன் தவணை முடியும்வரை அதைக் காப்பாற்றச் சொல்கிறது. அடுத்த வசனம், இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் சொல்லைக் கேட்கச் செய்யுங்கள், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. முன்பின் வரிகளைச் சேர்த்துப் படித்தாலே நண்பரின் வாதம் பாதி தளர்ந்துவிடும். ஆனால் மீதிப் பாதி நிற்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய விரிவுரையாளர்களில் பலர், 9:5 வசனம் வந்ததோடு முந்தைய சமாதான வசனங்கள் செயலிழந்துவிட்டன என்று எழுதினார்கள். இடைக்காலச் சட்டவியலாளர்களில் பெரும்பாலோர், கலீஃபா தன் ஆட்சியின் எல்லையை விரிக்கத் தொடுக்கும் போரையும் முறையான போராகவே ஏற்றார்கள். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிறுவனத்தின் தலைமை இமாமாக 1958 முதல் 1963 வரை இருந்த மஹ்மூத் ஷல்தூத் போன்றவர்கள், குர்ஆன் அனுமதிப்பது அநீதியையும் ஆக்கிரமிப்பையும் எதிர்க்கும் போரை மட்டுமே என்று வாதிட்டார்கள். இன்று பெரும்பாலான ஆலிம்கள் நிற்பது அந்தப் பக்கத்தில்தான்.

ஆகவே போரை எப்போது தொடங்கலாம் என்ற கேள்வியில் கருத்து வேறுபாடு ஆழமானது, பழையது. போர் தொடங்கிவிட்ட பிறகு என்னென்ன செய்யக் கூடாது என்ற கேள்வியில்தான் வியப்பூட்டும் அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது. உங்கள் கேள்வியின் உயிர்நாடியும் அதுவே என்பதால் அங்கேயே நிற்கிறேன்.

அபூதாவூதின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் ரபாஹ் பின் ரபீ என்ற நபித்தோழர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஒரு போரின்போது மக்கள் எதையோ சுற்றிக் கூடி நிற்பதை நபிகள் நாயகம் பார்க்கிறார்கள். என்னவென்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புகிறார்கள். கொல்லப்பட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணைச் சுற்றித்தான் கூட்டம் என்று அவர் வந்து சொல்கிறார். "இவள் போரிடக்கூடியவளாக இருக்கவில்லையே" என்கிறார்கள் நபிகள். படையின் முன்னணிக்குக் காலித் பின் வலீத் தலைமை ஏற்றிருக்கிறார். பெண்ணையும் கூலிக்கு வந்தவனையும் கொல்லக் கூடாது என்று அவருக்கு உடனே ஆள் போகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது தடையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட காரணத்தை. பெண் என்பதால் இரக்கப்பட்டார்கள் என்றோ, அந்தக் குலத்தோடு ஒப்பந்தம் இருந்தது என்றோ செய்தியில் இல்லை. அவள் சண்டையில் இல்லை, அவ்வளவுதான் காரணம். அதே காரணம் உடனே கூலியாளுக்கும் நீள்கிறது. எதிரிப் படையோடு வந்து, ஒட்டகம் மேய்த்து, தண்ணீர் சுமந்து, அந்தப் படை சாப்பிடுவதற்கு உழைத்தவன் அந்தக் கூலியாள். படைக்கு இவ்வளவு அருகில் இருந்தவனையே கொல்லக் கூடாது என்றால், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உசாமா பின்லேடன் முன்வைத்த வாதம், அதாவது அமெரிக்கக் குடிமக்கள் வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள், எனவே அவர்களும் போரில் பங்காளிகளே என்ற வாதம், இந்த ஒரு ஹதீஸின் முன்னாலேயே நிற்க முடியாமல் போகிறது. வரி கட்டுபவனைவிட முகாமில் தண்ணீர் சுமந்தவன் போருக்கு எத்தனையோ மடங்கு நெருங்கியவன்.

நம் புறநானூற்றின் 9ஆம் பாட்டில், முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் பிணியுடையோரையும் அரண் சேரச் சொல்லி அறிவிப்பதை நீங்கள் பள்ளியில் படித்திருக்கலாம். அதே தொகை நூலில் பகைவர் ஊரை எரியூட்டியதைப் புகழும் பாட்டுகளும் உண்டு. அறமும் நடப்பும் அருகருகே கிடப்பது எல்லா மரபிலும் உள்ளதுதான்.

நீங்கள் பயானில் கேட்ட கட்டளை, இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ், சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சிரியாவுக்குப் படை கிளம்பும்போது தளபதிகளில் ஒருவரான யஸீத் பின் அபூசுஃப்யான் குதிரைமேல் இருக்க, கலீஃபா அபூபக்கர் பக்கத்தில் நடந்தே வருகிறார். நீங்களும் ஏறுங்கள், இல்லையென்றால் நான் இறங்குகிறேன் என்கிறார் யஸீத். நீ இறங்கவும் வேண்டாம், நான் ஏறவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்துகொண்டே பத்துக் கட்டளைகளைச் சொல்கிறார் கலீஃபா. பெண், குழந்தை, தள்ளாத முதியவர் ஆகியோரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, குடியிருப்பைப் பாழாக்காதே, உண்பதற்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே என்று அந்தப் பட்டியல் போகிறது. மடங்களில் தங்களை இறைவனுக்கு அர்ப்பணித்துக்கொண்டவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடச் சொன்னதும் அதே பேச்சில்தான்.

ஆனால் இந்தக் கட்டளைகள் எல்லாமே எல்லா மத்ஹபிலும் (ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ போன்ற சட்ட வழிகள்) அப்படியே சட்டமாகிவிடவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் வேண்டுமென்றே கொல்லக் கூடாது என்பதில் அனைவரும் ஒன்று. போரில் ஆயுதம் எடுத்தால் மட்டுமே விலக்கு. முதியவர், துறவி, பார்வையற்றவர், உழவர் என்று வரும்போது பிரிகிறார்கள். இந்தப் பிரிவின் வேரை சட்ட அறிஞர் இப்னு ருஷ்து (இறப்பு 1198) தெளிவாகக் காட்டுகிறார்: கொல்ல அனுமதிப்பதற்கான காரணம் எதிரியின் இறைமறுப்பா, அல்லது அவன் போரிடுவதா? ஹனஃபிகளும் மாலிகிகளும் போரிடுவதே காரணம் என்றார்கள். ஆகவே போரிட இயலாதவர் எல்லோருக்கும் பாதுகாப்பு நீண்டது. பழைய சட்ட அறிஞர் அவ்ஸாயீ உழவர்களையும் சேர்த்தார். இமாம் ஷாஃபிஈயோ, அவரது வலுவான கருத்து என்று சொல்லப்படுவதன்படி, இறைமறுப்பையே காரணமாகக் கொண்டு முதியவர்களுக்கும் துறவிகளுக்கும் அந்தப் பாதுகாப்பை உறுதிசெய்யவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை என நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹபு. தொழுகையில் கை கட்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டது மிகக் குறைவு. என் கருத்து வெளிப்படையானது: "இவள் போரிடக்கூடியவளாக இருக்கவில்லையே" என்ற சொல்லோடு ஒத்துப்போவது ஹனஃபி, மாலிகி வழிதான்; இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யாவும் இந்தப் பக்கமே நின்றார் என்பதை அவர் பெயரைச் சொல்லி ஆயுதம் தூக்குபவர்கள் மறைத்துவிடுகிறார்கள்.

வரம்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, விதிவிலக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் சட்டம் படிப்பவருக்கு முக்கியம். வன்முறை உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். இரவில் ஒரு குடியிருப்பைத் தாக்கும்போது பெண்களும் குழந்தைகளும் அடிபடுகிறார்களே என்று நபிகளிடம் கேட்கப்பட்டபோது, "அவர்களும் (பெண்களும் குழந்தைகளும்) அவர்களை (எதிரிகளை) சேர்ந்தவர்களே" என்று பதில் வந்ததாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பெண்களைக் கொல்லத் தடை விதித்த ஹதீஸும் அதே தொகுப்புகளில்தான் இருக்கிறது. சட்டவியலாளர்கள் இரண்டையும் இணைத்து, குறிவைத்துக் கொல்வது கூடாது, இருட்டில் பிரித்தறிய முடியாமல் நேர்ந்தால் குற்றமில்லை என்றார்கள். கோட்டை மதில்மேல் கல்லெறியும் கவண்பொறிக்கும் இதே வழியில் அனுமதி கிடைத்தது. இன்று கட்டடங்களைக் குண்டு வைத்துத் தகர்ப்பவர்கள் பிடித்துத் தொங்குவது இந்த இழையைத்தான்.

எதிரி நம் ஆட்களையே கேடயமாக முன்னே நிறுத்தினால் என்ன செய்வது? எறியலாம், எதிரியை மட்டும் மனத்தில் குறிவைக்க வேண்டும் என்றார் ஹனஃபி வழியின் இமாம் அபூஹனீஃபா. எறியவே கூடாது, நிறுத்து என்றார் அவ்ஸாயீ. சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு சட்ட அறிஞர் கஸ்ஸாலி (இறப்பு 1111) இந்த இடத்தில் மூன்று நிபந்தனைகளை வைத்தார். தேவை தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். எறியாவிட்டால் அழிவு நிச்சயம் என்பது ஊகமாக இல்லாமல் உறுதியாகத் தெரிய வேண்டும். அந்த அழிவு ஒரு சிலருக்கானதாக இல்லாமல் சமூகம் முழுமைக்குமானதாக இருக்க வேண்டும். எதிரி ஒரு கோட்டைக்குள் இருந்துகொண்டு ஒரு கைதியைக் கேடயமாக்கினால் எறியக் கூடாது, ஏனென்றால் அந்தக் கோட்டையைப் பிடிக்காமலே நாம் வாழ முடியும் என்கிறார் அவர். மூழ்கும் கப்பலில் ஒருவரைக் கடலில் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றாலும் தள்ளக் கூடாது, கப்பலில் இருப்பவர்கள் சமூகம் முழுவதும் ஆக மாட்டார்கள் என்றும் சொல்கிறார். அல்காயிதா போன்ற அமைப்புகள், குண்டுவெடிப்பில் முஸ்லிம்களும் சாகிறார்களே என்ற கேள்விக்குக் கேடயச் சட்டத்தைத்தான் பதிலாகச் சொன்னார்கள். கஸ்ஸாலியின் நிபந்தனைகளில் ஒன்றுகூட அங்கே நிறைவேறவில்லை. அதேவேளை ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: பழைய நூல்களில் இந்த நுணுக்கமான கவலையெல்லாம் கேடயமாக நிற்கும் முஸ்லிம்களைப் பற்றியது. எதிரியின் சொந்தப் பெண்களும் குழந்தைகளும் கேடயமாக நின்றால் அதே அளவு தயக்கம் அங்கே தெரிவதில்லை.

குறை என்று தொடங்கியபின் இரண்டை விட்டுவிட முடியாது. போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்ற சட்டம், அவர்களை அடிமைகளாக்க அனுமதித்தது. அக்காலத்து ரோமரும் பாரசீகரும் அதைத்தான் செய்தார்கள் என்பது விளக்கம் ஆகுமே தவிர நியாயம் ஆகாது. 627இல் மதீனா முற்றுகைக்குப் பிறகு பனூ குறைழா என்ற யூதக் குலத்தின் ஆண்கள், ஸஅத் பின் முஆதின் தீர்ப்பின்படி கொல்லப்பட்டதையும் மூல வரலாறுகளே பதிவுசெய்கின்றன. முற்றுகையின்போது எதிரியோடு சேர்ந்து உடன்படிக்கையை முறித்ததற்கான தண்டனை என்பது மரபின் விளக்கம், எண்ணிக்கையில் மூலங்களே ஒத்துப்போவதில்லை. இதைப் பேசாமல் காய்க்கும் மரத்தை மட்டும் பேசினால், உங்கள் நண்பர் அடுத்த நாளே இதை எடுத்துக்கொண்டு வருவார்.

பழிவாங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மும்பையில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியாது. 625இல் உஹது போரில் நபியின் சிறிய தந்தை ஹம்ஸாவின் உடல் சிதைக்கப்பட்டது. பதிலுக்கு எதிரிகளில் பலரின் உடலைச் சிதைப்போம் என்ற ஆத்திரம் எழுந்த நேரத்தில் இறங்கியதாகச் சொல்லப்படுவது 16:126: தண்டித்தால் உங்களுக்குச் செய்யப்பட்ட அளவுக்கே தண்டியுங்கள், பொறுத்துக்கொண்டால் அதுவே சிறந்தது. உடலைச் சிதைப்பது அதன்பின் தடைசெய்யப்பட்டது. கொலையுண்டவனின் வாரிசுக்கு உரிமை தரும் 17:33ஆம் வசனமும், கொல்வதில் அவன் வரம்பு மீற வேண்டாம் என்று உடனே கட்டுப்போடுகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது 6:164.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் நடந்த கலவரங்களில் இறந்தோர் 900 பேர் என்று கலவரங்களை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவுசெய்தது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். தாராவியும் அதில் எரிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பதில் என்று சொல்லிக்கொண்டு 1993 மார்ச் 12 அன்று வைக்கப்பட்ட குண்டுகளில் 257 பேர் இறந்தார்கள். பங்குச்சந்தைக் கட்டடத்துக்குக் கீழே நின்றவர்கள், பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றவர்கள், பேருந்தில் போனவர்கள் ஜனவரியில் யாரை வெட்டினார்கள்? மேலே சொன்ன மூன்று வசனங்களில் ஒன்றையாவது மீறாமல் அந்த மார்ச் மாதத்தை நியாயப்படுத்த வழியே இல்லை. கலவரத்தில் இழந்தவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறை நியாயமானது; அந்தக் குறை குண்டை நியாயமாக்கிவிடாது.

2008 மும்பைத் தாக்குதலுக்கு வருகிறேன். குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடலில் பிடித்து, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டுத்தான் அந்தப் பத்துப் பேரும் கரை சேர்ந்தார்கள். அபூதாவூதின் அந்த ஹதீஸில் வரும் கூலியாளை நினைத்துப் பாருங்கள். மும்பை மண்ணில் கால் வைக்கும் முன்பே சட்டம் உடைந்துவிட்டது. பிறகு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், ஓட்டலில் பரிமாறியவர்கள் என 166 பேர். எந்த அரசின் அறிவித்த போர் இது? படையெடுக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கே உரியது என்பது எல்லா மத்ஹபின் பொது விதி. ஊரே தாக்கப்படும்போது தற்காத்துக்கொள்வது ஒவ்வொருவர் கடமையும் ஆகும் என்ற விலக்கைத் தீவிரவாதிகள் காட்டுவார்கள். அந்த விலக்கு ஆயுதம் எடுக்கத்தான் அனுமதிக்கிறது, யாரைக் கொல்லலாம் என்ற விதியை மாற்றுவதில்லை. வழிப்போக்கரை அச்சுறுத்திக் கொல்வதற்குப் பழைய சட்டத்தில் ஹிராபா என்று பெயர். அதைச் செய்பவன் வழிப்பறிக்காரனாகக் கருதப்படுவான், போராளியாக அன்று.

சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்பது பேரின் உடல்களை மரைன் லைன்ஸ் அருகிலுள்ள படா கப்ரஸ்தானில் அடக்க முடியாது என்று அந்த மையவாடியை நிர்வகிக்கும் ஜாமா மஸ்ஜித் அறக்கட்டளை மறுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடல்கள் ஓராண்டுக்கும் மேலாக ஜே.ஜே. மருத்துவமனைச் சவக்கிடங்கில் கிடந்தன. 2010 ஜனவரியில் யாருக்கும் தெரியாமல் அடக்கம் செய்துவிட்டதாக அதே ஆண்டு ஏப்ரலில் மாநில உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் அறிவித்தார். சட்டப்படி அந்த மறுப்பு சரியா என்று சிலர் கேட்டார்கள். வழிப்பறியில் ஈடுபட்டுச் சண்டையில் கொல்லப்பட்டவனுக்கு ஜனாஸா (இறந்தவருக்கான) தொழுகை இல்லை என்பது ஹனஃபி மத்ஹபில் தெளிவாக இருக்கிறது. ஆனால் உடலை அடக்காமலே விட்டுவிடுவதற்கு அங்கேயும் இடமில்லை. எங்கள் மண்ணில் இவர்களுக்கு இடமில்லை என்று ஒரு சமூகம் ஊரறியச் சொன்ன தீர்ப்பாகவே அதை நான் பார்க்கிறேன், அந்த அளவில் மதிக்கிறேன்.

கடைசியாக, கட்டளையிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. 630இல் மக்கா வெற்றிக்குப் பிறகு, பனூ ஜதீமா என்ற குலத்தாரை இஸ்லாத்துக்கு அழைக்கக் காலித் பின் வலீத் அனுப்பப்படுகிறார். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லால் சொல்கிறார்கள். காலித் அதை ஏற்காமல் சிலரைக் கொல்கிறார், சிலரைச் சிறைபிடித்து வீரர்களிடம் ஆளுக்கொரு கைதியாக ஒப்படைக்கிறார். பின்னொரு நாள், ஒவ்வொருவரும் தம் கைதியைக் கொல்ல வேண்டும் என்று உத்தரவிடுகிறார். படையில் இருந்த அப்துல்லாஹ் பின் உமர், "அல்லாஹ்வின் மீதாணை, என் கைதியை நான் கொல்ல மாட்டேன், என் தோழர்களில் யாரும் தம் கைதியைக் கொல்ல மாட்டார்கள்" என்று மறுத்துவிடுகிறார். திரும்பி வந்து நபிகளிடம் சொன்னபோது, அவர்கள் கைகளை உயர்த்தி, "இறைவா, காலித் செய்ததிலிருந்து நான் விலகியவன்" என்று இருமுறை சொன்னதாகப் புகாரியில் இருக்கிறது. கட்டளையை மீறிய இப்னு உமருக்கு ஒரு கண்டனமும் இல்லை. பாவமான காரியத்தில் கீழ்ப்படிதல் இல்லை, கீழ்ப்படிதல் நல்லதில் மட்டுமே என்ற விதிக்கு வேறு ஹதீஸ்கள் இருந்தாலும், கையில் கைதியோடு நின்ற ஒரு வீரர் அதைச் செய்து காட்டிய இடம் இதுதான்.

நபிகளின் வாழ்க்கையை எழுதிய இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றின்படி, நபிகளின் மருமகன் அலி பணத்தோடு அந்தக் குலத்தாரிடம் அனுப்பப்படுகிறார். ஒவ்வோர் உயிருக்கும் ஈட்டுத்தொகை, இழந்த பொருளுக்கு விலை, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கலயத்துக்குக்கூடக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். மீந்த பணத்தையும், விட்டுப்போன இழப்பு ஏதாவது இருக்கலாம் என்று அவர்களிடமே விட்டுவிட்டு வருகிறார். காலித் பதவியிழக்கவில்லை, பின்னாளிலும் படை நடத்தினார். தவறான விளக்கத்தால் செய்தார், வேண்டுமென்று செய்யவில்லை என்பது அறிஞர்கள் சொன்ன சமாதானம். இழப்பீடு கொடுத்தாயிற்று, தளபதிக்குத் தண்டனை ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் எனக்குத் தவறு தெரியவில்லை. நம் சட்டக் கல்லூரிகளில் இதை ஒரு வழக்காகவே எடுத்துவைத்து வாதாடிப் பார்க்கலாம்.